விரதத்தில் விட முடிகிறவர் அப்புறம் ஏன் குடிக்கிறார்?

பினாங்கில் 48 நாள் தைப்பூச விரதம் தொடங்கியதும் குடிகாரர் இருக்கிற வீடுகளில் கொஞ்சம் மூச்சு விட முடியும். மஞ்சள் வேட்டி கட்டியாயிற்று, மீன் கறி நின்றுவிட்டது, கட்டிலை விட்டுத் தரையில் பாய் விரித்தாயிற்று. நள்ளிரவில் கதவைத் தட்டும் சத்தம் இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி போய்வந்து, மூன்றாம் நாள் இடும்பன் பூஜையும் முடியும். அன்றைக்கு ராத்திரியே, பல வீடுகளில், போத்தல் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் வருஷம் பூராவும் அந்த 48 நாள்தான் சாட்சி. "சாமிக்குப் பயந்து விடத் தெரியுதில்ல, பொண்டாட்டி பிள்ளைக்காக விடத் தெரியாதா?" என்று எங்கள் சித்தி கேட்பார். "நெனச்சா இன்னைக்கே விட்டுருவேன். பூசத்துக்கு விடலையா?" என்று சித்தப்பா சொல்வார். ஒருவர் குற்றம் சாட்ட, இன்னொருவர் தப்பிக்க, இரண்டு பேருக்கும் அதே 48 நாள். இரண்டுமே தவறு என்பது எங்களுக்குப் புரிய ஒரு வலிப்பு தேவைப்பட்டது.

அந்த வருஷம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் போத்தலை முடித்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை தலைக்குக் குளித்து விரதத்தைத் தொடங்கினார் சித்தப்பா. பகல் பத்து மணி இருக்கும். சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கையால் கிளாஸை எடுத்தார், தேத்தண்ணி விரலில் சிந்தியது. இரண்டு கையாலும் பிடித்தார், விளிம்பு பல்லில் தடதடவென்று இடித்தது. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோய் உறிஞ்சினார். காற்றாடி முழு வேகத்தில் ஓடியும் சட்டை நனைந்திருந்தது. "மொத நாள் இப்படித்தான் இருக்கும்" என்றார். போன வருஷமும் அப்படித்தான் இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியும் முன் குளியலறையில் விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது, இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. வெறும் வயிறு, பித்தம் என்று பேசிக்கொண்டோம். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது என்று கையால் தட்டிவிட ஆரம்பித்தார். சுவரில் ஒன்றுமில்லை. செத்துப்போன பாட்டியோடு பேசினார். காத்து கருப்பு என்று ஒருவர் சொல்ல, சாமியாடியைக் கூப்பிட ஆள் போயாயிற்று. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்ப குடிச்சாரு?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் விஷயம் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூளையில் காபா என்று ஓர் இரசாயனம் உண்டு, அது ஓட்டத்தை அடக்கும். குளுட்டமேட் என்று இன்னொன்று, அது தூண்டிவிடும். சாராயம் காபாவுக்குக் கை கொடுக்கிறது, குளுட்டமேட்டைக் கட்டிப்போடுகிறது. தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. பொங்கல் விளையாட்டில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சாராயம் பலமாக இழுக்க இழுக்க, மறுபக்கம் மூளை ஆள் சேர்த்துக்கொண்டே போகிறது. கயிறு நடுவில் நிற்பதால் வெளியே பார்க்க ஆள் சாதாரணமாகத்தான் இருப்பார், வேலைக்குப் போவார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். "எவ்வளவு குடிச்சாலும் அவருக்கு ஏறாது" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அது இந்த நிலைதான். இப்போது சாராயப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிட்டால்? மறுபக்கம் மொத்தமாகச் சரியும். அந்தச் சரிவுதான் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு.

இதற்குக் கால அளவு உண்டு. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் ஆரம்பிக்கலாம். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் குழம்பி, இல்லாததைப் பார்க்கிற நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள். இந்தக் கடைசி நிலைக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். சித்தப்பாவின் மூன்று நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடப் பிசகவில்லை.

சரி, முந்தின வருஷங்களில் நடுக்கத்துக்கு மேல் ஏன் ஒன்றும் ஆகவில்லை? திடீரென்று நிறுத்துவதும் மறுபடி குடிப்பதும் திரும்பத் திரும்ப நடந்தால் மூளை அந்தச் சரிவுக்குப் பழகுவதில்லை, அதற்கு மேலும் கூர்மையாகிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அடுத்த முறை வலிப்பு வர வாய்ப்பு கூடுகிறது. வருஷா வருஷம் விரதத்துக்கு ஒரே நாளில் நிறுத்துகிற ஒருவருக்கு, போன வருஷம் நன்றாக இருந்தது என்பது இந்த வருஷத்துக்கு உத்தரவாதமே இல்லை. போதாக்குறைக்கு விரதத்தில் சாப்பாடும் ஒருவேளை. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1 ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். அது மேலும் குறைந்தால் கண் ஆட்டம், தள்ளாட்டம், குழப்பம், கடைசியில் திரும்பி வராத ஞாபக மறதி. அதனால்தான் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் முன்பாகவோ கூடவோ பி1 ஊசி போடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நடப்பது எளிமையான விஷயம்தான். டயஸிபாம் போன்ற மருந்து சாராயம் விட்டுப்போன பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து, ஏழு நாளில் அந்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மறுபக்கம் விழாமல் இறக்கிவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்காகக் குடிப்பவர், முன்பு ஒருமுறையாவது வலிப்பு வந்தவர், தினமும் சம்சு என்கிற மலிவுச் சாராயமோ விஸ்கியோ குடிப்பவர், இவர்களில் யாரையும் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். டாக்டரைப் பார்க்கும்வரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். குடியை வெறுக்கிற ஒரு குடும்பத்திடம் இப்படிச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் உண்மை அது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஹெராயினை நிறுத்தினால் உடம்பு படாத பாடு படும், ஆனால் அந்த அவஸ்தை மட்டும் ஆளைக் கொல்வது அரிது. கொல்லக்கூடியது கடையில் சட்டப்படி விற்கிற குடிதான். நம் நாட்டில் போதைப்பொருளுக்கு 1983-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டம் இருக்கிறது, தேசிய போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனமான ஏஏடிகே இருக்கிறது, 2005 முதல் ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. குடிக்கு சிறுநீர்ச் சோதனை இல்லை, கூட்டிக்கொண்டு போக யாரும் வருவதில்லை. வீட்டார்தான் கைப்பிடித்து கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

உடம்பு தெளிந்து சித்தப்பா வார்டில் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசினார். 2013-இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டில் குடிநோய்க்கு 11 அடையாளங்கள் சொல்லியிருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு மூன்று பொருந்தினால் லேசானது, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ என்றால் கடுமையானது. இந்த 11-இல் உடம்பு சம்பந்தப்பட்டவை இரண்டுதான்: அளவு கூட்டினால்தான் ஏறுவது, நிறுத்தினால் நடுங்குவது. மீதி ஒன்பதும் வேறு வகை. "ஒண்ணே ஒண்ணு" என்று உட்கார்ந்து நான்கில் எழுவது. குறைக்கப் பார்த்துத் தோற்பது. பிள்ளையின் பள்ளிக்கூட நாளை மறப்பது. வீட்டில் சண்டை வருகிறது என்று தெரிந்தும், ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தும் குடிப்பது. குடித்துவிட்டு வண்டி எடுப்பது. மனசு அதையே நினைத்துக்கொண்டிருப்பது. அதே கையேட்டில் ஆரம்பநிலைத் தெளிவு என்று ஒருவரைச் சொல்லவே, குடி ஆசையைத் தவிர மற்ற அடையாளங்கள் ஒன்றுகூட இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் ஆக வேண்டும். நிலைத்த தெளிவுக்கு ஒரு வருஷம். 48 நாள் இதில் எந்தக் கணக்கிலும் வராது. சித்தப்பாவுக்கு 11-இல் ஒன்பது பொருந்தியது.

ஆசை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் தற்செயலாகக் கண்டார்கள். எலியின் மூளையில் ஓர் இடத்தில் மின்கம்பி வைத்து, நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. டோபமின் என்ற இரசாயனம் ஓடுகிற பாதை அங்கேதான் இருக்கிறது என்று பின்னால் தெரியவந்தது. குடி அந்தப் பாதையைப் பழக்கும்போது ஒரு வேடிக்கையான பிரிவு நடக்கிறது: குடியில் கிடைக்கும் சந்தோஷம் குறைந்துகொண்டே போகும், குடிக்க வேண்டும் என்ற இழுப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். நாள்பட்ட குடிகாரர் முகத்தைப் பாருங்கள், குடிக்கும்போது சிரிப்பே இருக்காது. அந்த இழுப்பு குடியோடு நிற்பதில்லை, குடிக்கு முன்னால் வருகிற எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிகிற நேரம், கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம், டின்னைத் திறக்கும் அந்த 'டிஸ்'. நாவில் ஒரு சொட்டு படும் முன்பே மூளை தயாராகிவிடுகிறது.

யாருக்கு இது வரும் என்பதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பிறவியில் வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. என்னோடு வேலை செய்த ஒரு சீன நண்பருக்கு அரை கிளாஸ் பீருக்கே முகம் செவந்துவிடும், மேற்கொண்டு குடிக்க மாட்டார். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும், அதை உடைக்கும் நொதி அவரைப் போன்ற பலருக்குப் பிறவியிலேயே மந்தம். கிழக்காசிய மக்களிடம் இது பரவலாக உண்டு, ஓரளவு அவர்களைக் குடியடிமை ஆகாமல் காக்கிறது. நம்மவர்களிடம் அபூர்வம். இதை இங்கே சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஆனால் தமிழன் என்றால் குடிப்பான் என்று இங்கே மற்றவர்களும் நாமுமே சொல்கிற பேச்சுக்கு இரத்தத்தில் விடை தேட வேண்டாம். ரப்பர்த் தோட்டத்தில் தேடினால் கிடைக்கும். விடியும் முன் பால்மரம் சீவப் போய், மத்தியானம் திரும்பி, கையில் நேரமும் உடம்பில் வலியும் இருந்த மனிதனுக்கு எட்டுகிற தூரத்தில் கள்ளுக்கடை இருந்தது. பல தோட்டங்களில் அதை நடத்தியதே நிர்வாகம்தான். அதை நம் ஆட்கள் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போர் முடிந்து 1946, 47-இல், நமக்கு அடுத்த வீடான கெடாவில், தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். போலீஸ் அடக்குமுறையில் அது ஒடுங்கியது. குடியை ஒவ்வொருவரின் ஒழுக்கக் குறையாகப் பேசுவதற்கு முன்பே அதைக் கூலியோடும் நிலத்தோடும் சேர்த்துப் புரிந்துகொண்ட மனிதர்கள் நமக்கு முன்னே இருந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

கள்ளுக்குப் பின்னால் சம்சு வந்தது. 150 மில்லி போத்தல், 40 விழுக்காடு என்று வையுங்கள். அதில் சுத்தமான சாராயம் 47 கிராம் அளவில் வரும். 320 மில்லி பீர் டின்னில் 5 விழுக்காடு என்றால் 12, 13 கிராம். சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் போத்தல் கிட்டத்தட்ட நான்கு டின் பீருக்குச் சமம், விலையோ அதைவிட மிகக் குறைவாக இருந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தச் சம்சுவை எதிர்த்துப் பல காலம் குரல் கொடுத்தது. 2017 டிசம்பர் 1 முதல் குடி வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது, சம்சு போன்ற மலிவான கலப்பு மதுவை 700 மில்லிக்குக் குறைந்த போத்தலில் விற்கக் கூடாது என்றும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே அடிமையானவர் விலை ஏறினால் நிறுத்துவதில்லை, இன்னும் மலிவானதைத் தேடிப் போகிறார். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கைக் குடித்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். குடித்த மறுநாள் கண் மங்கினால், மூச்சு வேகமாக வாங்கினால், போதை என்று படுக்கவைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது விரதத்துக்குத் திரும்புவோம். மூன்று நாள் தாண்டிவிட்டால் அப்புறம் அந்த 48 நாள் எப்படி ஓடுகிறது? சாமி பயமும் மன உறுதியும் மட்டுமா? வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய்ப் பார்த்தார். பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. போர்முனை, பயம், மலிவான சரக்கு, கூடப் புகைத்த ஆள், எல்லாமே கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. விரதமும் அதே வேலையைச் செய்கிறது. உடுப்பு மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, படுக்கிற இடம் மாறுகிறது, சாயங்காலம் போகிற இடம் கோயில். "சாமிக்கு இருக்காருடா, கூப்பிடாத" என்று கூட்டாளிகளே ஒதுங்குகிறார்கள். சித்தியின் குரலில் மரியாதை வருகிறது. ஒரு மனிதனைச் சுற்றி ஓர் ஊரே வேலி கட்டி நிற்கிறது. இடும்பன் பூஜையன்று அந்த வேலி ஒரே ராத்திரியில் பிடுங்கப்படுகிறது. பிறகு "மனசுல உறுதி இல்ல" என்று அவரைத் திட்டுகிறோம்.

மருந்தும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் குடியில் வருகிற சுகத்தைக் குறைக்கும். அக்காம்ப்ரோசேட் நிறுத்திய பிறகு வரும் தவிப்பைத் தணிக்கும். மூன்றாவது டைசல்பிரம். சீன நண்பருக்குப் பிறவியில் மந்தமாக இருக்கிற அதே நொதியை இது வேண்டுமென்றே தடுக்கிறது. குடித்தால் முகம் செவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு அது ஒரு காவல். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், சித்திக்கும் அந்த யோசனையை ஒருவர் சொன்னார். அது கொலைக்குச் சமம். தெரியாமல் நிறையக் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் விழும், இதயம் பலவீனமானவர் செத்தே போவார்.

சித்தப்பா முதலில் டாக்டரிடம் கேட்டது, "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போறீங்களா?" 1911-இல் கட்டிய அந்த மனநல ஆஸ்பத்திரியின் பெயரே நம்மவர்களுக்கு ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் சிகிச்சைக்கே போவதில்லை. அவர் போனது பொது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு. ஒரு ரிங்கிட் கொடுத்து அரசாங்க கிளினிக்கில் பார்த்து, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். போகும்போது எவ்வளவு குடிப்பார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்று கூட வருபவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மானத்துக்குப் பயந்து "எப்பவாவது ஒரு பீர்" என்றால் அதற்கேற்ற மருந்துதான் கிடைக்கும்.

சித்திக்குத்தான் மாற்றம் கடினமாக இருந்தது. இருபது வருஷமாகத் திங்கட்கிழமை காலையில் வேலையிடத்துக்கு போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லி வந்தவர் அவர். அதை நிறுத்தினார். குடித்திருக்கும்போது வாக்குவாதம் செய்வதையும் நிறுத்தினார், பேச வேண்டியதைக் காலையில் தெளிந்த பிறகு பேசினார். குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951 முதல் இருக்கிறது. "எனக்கு எதுக்கு, குடிக்கிறது அவரு" என்றவர்தான். ஒரு தடவை போனார், பிறகு அவராகவே போனார்.

இரண்டு தடவை சித்தப்பா மறுபடி குடித்தார். இரண்டாம் தடவை நான்கு நாளில் அவரே கிளினிக்குக்குப் போனார், முன்பு என்றால் நான்கு மாதம் ஆகியிருக்கும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தைத் திருத்துகிறோம், அது மாதிரிதான் டாக்டர் எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷமும் காவடி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் கேட்டாயிற்று, மருந்தை நிறுத்தாமல் விரதம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். இடும்பன் பூஜைக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கிளினிக்கில் தேதி. அந்த நாள்தான் வேண்டும் என்று சித்தி கேட்டு வாங்கிவந்து, காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.